காய்ச்சல் துப்பாக்கியின் ஞானத்தாய்

“பெத்தவ வந்தாத்தான் விடுவோம். சித்தி, அத்தை, பக்கத்து வீடு எதுவும் செல்லாது!”

“நான்தான்டி பெத்தவ! வேலையப் போட்டுட்டு மூச்சிரைக்க ஓடி வந்து நிக்கிறேன், கண்ணு தெரியலையா உனக்கு?”

“நீ இப்ப வந்தே, சரி. மொதல்ல உன் தங்கச்சிய அனுப்பினியே, அதைத்தான் சொல்றேன்.”

“அவகிட்ட குடுத்திருந்தா என்ன? புள்ளைய பாதி வழியில தின்னுட்டா போயிருப்பா?”

மெக்சிகோ மலையூரான லோமா மொஹாதாவின் தொடக்கப் பள்ளி இரும்புக் கதவுக்கு உள்ளே நின்று கத்தியவள் சோனா. எங்கள் மேட்டில் சோளமாவு மில் வைத்திருப்பவள். மார்பின் குறுக்கே “சோப்பின் ஞானத்தாய்” என்று பொன்னெழுத்து மின்னும் நீல ரிப்பன். வெளியே நின்று கத்தியவள் டெல்ஃபினா, காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகையில் வேலை. தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே, கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு, எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றிருந்தவள் நான், எர்மெலிந்தா. இந்தச் சண்டையைக் கிளப்பியதே என் துப்பாக்கிதான். ஆனால் அதை நான் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. சுவாரசியமான சண்டையை நடுவில் நிறுத்தும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

சண்டைக்குக் காரணமான யாரெட்சி மாடிப்படிக்கு அடியில், சுண்ணாம்பால் வட்டம் போட்ட ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் என்ற ஒன்றை அன்றுதான் முதன்முதலாக உள்ளே வந்து பார்த்திருக்கிறாள். முதல் வகுப்பு முழுவதும் அவளுக்கு டி.வி.யில்தான் நடந்தது, அதுவும் கரண்ட் இருந்த நாட்களில். அவள் தலைக்கு மேல் சுவரில் முகக்கவசம் போட்ட வாத்து ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே “தனிமைப்படுத்தும் இடம்”.

அவளுக்குக் காய்ச்சலெல்லாம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் பார்க்கப்போகிற ஆசையில் கீழேயிருந்து மேடு முழுக்க ஓடியே வந்திருக்கிறாள். எங்கள் மேட்டில் ஓடி ஏறினால் கழுதைக்குக்கூட முப்பத்தெட்டு காட்டும். நான் நெற்றியில் வைத்தேன், சிவப்பு எரிந்தது. சிவப்பு எரிந்தால் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையைத் தந்தை, தாய் அல்லது சட்டப்படியான காப்பாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. சித்தி அம்பாரோ வந்து கெஞ்சியும் சோனா விடவில்லை. நானும் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் எங்களுக்கு அதிகாரம் வந்திருந்தது. அதை அதற்குள் விட்டுக்கொடுக்க முடியுமா?

டெல்ஃபினா கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“எர்மெ அம்மா, நீங்களே சொல்லுங்க. இன்னொரு தடவை இப்படி நடுவுல ஓடினா வேலைக்கு வராதேன்னு மேஸ்திரியம்மா சொல்லிட்டாங்க. இன்னிக்கு ஒத்திகைன்னீங்க, சரி. திங்கக்கிழமை நெசமாவே திறப்பீங்களா மாட்டீங்களா? திறந்தா நான் பொழச்சேன். இல்லேன்னா இவள ப்வெப்லாவுல நாத்தனார் வீட்டுல கொண்டுபோய் விட்டுரணும். அங்க போனா இவ புத்தகத்தையா பாப்பா? அவங்க கைக்குழந்தைங்களத்தான் பாத்துக்குவா.”

“திறப்போம்டி. அதிகாரியே வராரு” என்றேன், ஏதோ அதிகாரியை நான்தான் பெற்று வளர்த்தது போல.

இந்தத் துப்பாக்கி என் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை வருடம் பூட்டிக்கிடந்த பள்ளியை அந்த ஆகஸ்டில் திறந்து பார்த்தபோது குழாய்கள் இல்லை. குழாய்க்குப் பின்னாலிருந்த பைப்பும் இல்லை. மின்கம்பியைத் திருடர்கள் சுவரோடு உரித்துப் போயிருந்தார்கள். கரும்பலகையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், அதற்கு ஊரில் யாருக்கும் உபயோகமில்லை போலிருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து உதவி வந்தது: கைகழுவுவது எப்படி என்று ஒன்பது படங்களில் விளக்கும் ஒரு பெரிய பேனர். முதல் படத்தில் குழாயைத் திறக்க வேண்டும்.

கூடவே சுற்றறிக்கை. சோப்பு வேண்டும், சானிடைசர் வேண்டும், குளோரின் தண்ணீரில் நனைத்த மிதியடி வேண்டும், காய்ச்சல் பார்க்கும் கருவி வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும். இவையெல்லாம் இருந்தால்தான் “பாதுகாப்பான பள்ளி” என்ற சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் திறப்பு. காசு யார் தருவார்கள் என்பதற்கு மட்டும் சுற்றறிக்கையில் பத்தி இல்லை.

காசில்லாமல் காரியம் நடத்துவது எங்களுக்குப் புதிதா? கல்யாணத்தில் கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், மோதிரத்துக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர், பெண்ணின் செருப்புக்குக்கூட ஒரு ஞானத்தாய் என்று ஊரே பங்கு போட்டுத்தானே எல்லாரையும் கட்டிக்கொடுத்தோம்? அதேபோலப் பள்ளிக்கும் செய்தோம். சோப்புக்குச் சோனா. மிதியடிக்குக் கசாப்புக் கடைக்காரர். தண்ணீருக்குத் தண்ணி லாரி ஓட்டும் ருஃபினோ. துப்பாக்கிக்கு நான். அப்படிப் பொறுப்பேற்ற பெண்கள் ஒருவரையொருவர் “கொமாத்ரே” என்று உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகு சண்டை போடக் கூடாது. எனக்கும் சோனாவுக்கும் பதினொரு வருடப் பேச்சுவார்த்தையில்லாத் தகராறு. அது அன்றோடு முடிந்து, பேச்சுவார்த்தையோடு கூடிய தகராறாக மாறியது.

“கொமாத்ரே, உங்க துப்பாக்கி சீனாச் சரக்காமே?”

“ஆமா கொமாத்ரே. உங்க சோப்பு ஓட்டல் குளியலறையிலேர்ந்து வந்ததாமே? சின்னச் சின்னதா இருக்கு.”

பொய் சொல்வானேன், அந்தத் துப்பாக்கி வந்த பிறகு நான் மாறித்தான் போனேன். அதற்கு ஒரு வெல்வெட் உறை தைத்து, அதில் என் பெயரை எம்பிராய்டரி போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சந்தையில் அவகாடோ விற்பவனுக்குப் பார்த்தேன். அவகாடோவுக்கும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டுகொண்டே போனதால் பாதிரியாரின் நெற்றியைத் தூரத்திலிருந்து குறிவைத்தேன். தூரம் அதிகம், எண் எதுவும் காட்டவில்லை. ஊரில் யாருக்கு எவ்வளவு சூடு என்பது தெரிந்தவள் என்ற பெயர் எனக்கு முன்பே உண்டு. இப்போது அதற்குக் கருவியும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை வந்தது. கூடவே மேற்பார்வையாளர் ஃபுல்ஹென்சியோ பராகான் வந்தார். கோட்டு, டை, பளபளக்கும் வழுக்கை. அவர் கார், செயலாளர் கார், போட்டோக்காரன் கார், இன்னும் யார் யாருடையதோ என்று வரிசையாக மேட்டுப்பாதையை அடைத்து நின்றன. அதனால் அவர்கள் எல்லாரும் கடைசிச் சரிவை நடந்தே ஏறினார்கள். ருஃபினோவின் தண்ணி லாரியால் நடக்க முடியாது. அது கீழேயே, ஊரார் துணி துவைக்கும் சலவைத் துறைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

விதி ஒன்று சொல்ல மறந்தேன். கட்டடத்துக்குள் ஒரே நேரத்தில் முப்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆள் எண்ணுவதற்குச் சோனா தன் மில்லிலிருந்து முப்பது சோளமணி கொண்டுவந்திருந்தாள். ஒருவர் உள்ளே போனால் ஒரு மணியை டப்பாவில் போடுவாள். மேற்பார்வையாளருக்கு ஒன்று. செயலாளருக்கு ஒன்று. போட்டோக்காரனுக்கு, அலுவலகத்துக்கு நேரலை அனுப்பும் பெண்ணுக்கு, ஞானத்தாய் ஞானத்தகப்பன்களுக்கு, அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்கு. பிறகு பேண்டு வாத்தியம், அதில் ஆள் அளவு ட்யூபா ஊதுகிறவனுக்கு இரண்டு போடலாமா என்று ஒரு சின்ன விவாதம். கடைசியாக முறை வந்தது பிள்ளைகளுக்கு. குளித்து, தலைவாரி, புது முகக்கவசத்தோடு, நெரெய்தா டீச்சரின் பின்னால் வரிசையாக நின்றார்கள். முன்னால் யாரெட்சி. அன்று அவள் ஓடவில்லை, டெல்ஃபினா அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தாள்.

சோனா டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.

“சோளம் தீந்துபோச்சு கண்ணுங்களா. உள்ள இடமில்ல.”

“பள்ளிக்கூடம் யாருக்கும்மா?” என்றாள் டெல்ஃபினா.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. விதி.”

நெரெய்தா டீச்சர் அதிகம் பேசாதவர். அதனாலேயே அவரைப் பற்றி எங்களிடம் அவ்வளவாகத் தகவல் இல்லை. எங்கள் ஊருக்கே உரிய பொடித் தூறல் ஆரம்பித்தது. அவர் பிள்ளைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அப்படியே திரும்பிச் சரிவில் இறங்கினார். வரிசையும் பின்னால் இறங்கியது. கம்பியைப் பிடித்துச் சோனாவை முறைத்துக்கொண்டிருந்த டெல்ஃபினா அதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். ஆனால் அந்தச் சமயம் போட்டோக்காரன் என் ரிப்பனைச் சரிசெய்யச் சொன்னான்.

உள்ளே விழா தொடங்கியது. மேற்பார்வையாளர் கைகழுவும் தொட்டியின் ரிப்பனை வெட்டி, புத்தம்புதுக் குழாயைத் திறந்தார். உஸ் என்று காற்று வந்தது. கைதட்டினோம். பேண்டு வாத்தியம் ஒரு வால்ஸ் வாசித்தது. பிறகு பேச்சு.

“பெற்றோர்களே! குழந்தைகளின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு. இந்த ஒன்றரை ஆண்டில் நம் வட்டாரப் பள்ளிகளில் ஒரு குழந்தைக்குக்கூடத் தொற்று வரவில்லை. காரணம், ஒரு குழந்தையையும் நாங்கள் உள்ளே விடவில்லை! இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எத்தனை கூட்டங்கள், எத்தனை படிவங்கள்! இந்தச் சுற்றறிக்கையை என் கைப்பட எழுதினேன். எழுதியபின் நானே பரிசீலித்தேன். நானே ஒப்புதல் அளித்தேன். எனவே பிழைக்கு இடமில்லை. சிலர் கேட்கிறார்கள்: தண்ணீர் இல்லையே என்று. நான் கேட்கிறேன்: தொட்டி இருக்கிறதா இல்லையா? முதலில் கட்டமைப்பு, பிறகு உள்ளடக்கம். இன்று இந்தக் கட்டடத்தின் அமைதியைப் பாருங்கள். ஒழுங்கைப் பாருங்கள். பிள்ளைகள் வந்தால் இது இருக்குமா? ஆகவே எச்சரிக்கிறேன்: விதிகளுக்கு விலக்கு இல்லை. யாருக்கும் இல்லை. நானே வந்தாலும் எனக்கும் இல்லை!”

நாங்கள் உருகிப்போய்க் கைதட்டினோம். எனக்குக் கண்ணீரே வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது, வேறு காரணத்துக்காக.

அப்போது போட்டோக்காரன், “ஐயா, ஒரு படம். அந்தம்மா உங்களுக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி” என்றான். மேற்பார்வையாளர் சிரித்தபடி நெற்றியை நீட்டினார். நான் வெல்வெட் உறையிலிருந்து, வாள் உருவுவதுபோல, துப்பாக்கியை உருவினேன்.

சிவப்பு.

“இன்னொரு தடவ வைங்க” என்றார், சிரிப்பு குறையாமல். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

வைத்தேன். முதலில் காட்டியதைவிடக் கூட.

நான் அப்படியே உறைக்குள் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்தில் என் கொமாத்ரே நின்றாளே. “முப்பத்தெட்டரை!” என்று சோனா ஏலம் போடுகிற குரலில் வாசித்தாள். பேண்டு நின்றது. அந்த அமைதியில் கதவுக் கம்பிகளுக்கு வெளியிலிருந்து டெல்ஃபினாவின் குரல் நிதானமாக வந்தது.

“நானே வந்தாலும் விலக்கு இல்லேன்னு இப்பத்தானேய்யா சொன்னீங்க?”

மேற்பார்வையாளர் நேரலைப் பெண்ணின் போனைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து அவருடைய மேலதிகாரிகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் குனிந்து போய், சுண்ணாம்பு வட்டத்துக்குள் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. மேலே வாத்து.

“விதியின் செயல்பாட்டை நேரில் காண்பதில் மகிழ்ச்சி” என்றார்.

செயலாளர் போன் போட, மேற்பார்வையாளரின் மனைவி டாக்சியைக் கார் வரிசைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஏறி வந்தார். நல்ல உடுப்பு, நல்ல வாசனை, கதவில் சோனா.

“நீங்க அவரைப் பெத்தவங்களா?”

“கட்டினவ.”

“கட்டினவளுக்குச் சுற்றறிக்கையில இடமில்லீங்க. தந்தை, தாய், காப்பாளர்.”

“நான்தான்மா காப்பாளர். இருபது வருஷமா இந்த மனுஷனக் காப்பாத்திக்கிட்டுத்தானே கெடக்கேன்!”

“சட்டப்படியா இருக்கணும்.”

“கல்யாணப் பத்திரம் இருக்கு.”

“அது புருஷன்னுதான் சொல்லும். மைனர்னு சொல்லாதுங்களே.”

அந்த அம்மாள் நாற்காலியை எட்டிப் பார்த்தார், பிறகு இறங்கிப் போய் அதே டாக்சியில் ஏறினார். “அப்ப அவங்க அம்மாவே வந்து கூட்டிட்டுப் போகட்டும். எப்பவும் அவங்க பேச்சுதானே இந்த வீட்டுல நடக்குது” என்று அவர் சொன்னதை, நானும் பின்னாலேயே இறங்கிப் போய், டாக்சிக் கதவு சாத்துவதற்குள் முழுதாகக் கேட்டுக்கொண்டேன்.

தாயார் ஹலாபாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள். ஒடிசலான உருவம், கையில் குடை, துணிப்பை. நான் பார்த்தேன், முப்பத்தாறு. மேட்டில் ஏறிவந்த களைப்பே இல்லை.

“எங்க என் புள்ள?”

“அந்த வாத்துக்குக் கீழம்மா.”

“ஃபுல்ஹெ! என்னடா இது கோலம்? காலையில சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்மா. மெதுவா பேசுங்க, நேரலை.”

“நான் போடச் சொன்ன கம்பளிப் பனியன் போட்டியா?”

மேற்பார்வையாளர் தலை குனிந்தார். “போட்டிருக்கேன்மா.”

“ரெண்டும்?”

“ரெண்டும்.”

அதுதான் காய்ச்சல். ஆகஸ்டு மாதம், இரண்டு கம்பளிப் பனியன், அதன்மேல் சட்டை, கோட்டு, டை, கூடவே எங்கள் மேடு. இதைப் புரிந்துகொண்டு எல்லாரும் சிரித்து, பனியனைக் கழற்றி, மறுபடி பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சுற்றறிக்கையில் பனியனைப் பற்றி எதுவும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்த மேற்பார்வையாளர், தாயார் காலரைப் பிடித்திருந்த நிலையிலும், கடமை தவறவில்லை.

“காய்ச்சல் கண்ட கட்டடம் இரண்டு வாரம் மூடப்பட வேண்டும். அதன்பின் மறு ஆய்வு. தனிமைப்படுத்தப்பட்டவர் எந்தத் தாளையும் தொடக் கூடாது என்பதால் சான்றிதழில் நான் கையெழுத்திட இயலாது. வணக்கம்.”

“நடடா” என்றார்கள் தாயார்.

சோனா கதவைப் பூட்டினாள். பூட்டுக்கும் ஒரு ரிப்பன் இருந்தது. டெல்ஃபினா கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“அப்ப ப்வெப்லாதான்” என்றாள்.

எனக்கு என் கழுத்தில் தொங்கிய வெல்வெட் உறை முதல் தடவையாகக் கனத்தது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வம்பு வருகிற வாயில் ஆறுதல் சட்டென்று வராது. அதற்குள் அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஐயோ, புள்ளைங்க எங்க?” என்று அலறினாள்.

அவள் முன்னால், நானும் சோனாவும் பின்னால், சரிவில் ஓடினோம்.

சலவைத் துறையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? மேலே கூரை, மூன்று பக்கம் சுவரில்லை, ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இடுப்புயரக் கட்டைச் சுவர். ஊற்றுத் தண்ணீர் ராப்பகலாக ஓடும். வரிசையாகக் கல் தொட்டிகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் இடைவெளி. என்னுடைய அலுவலகம் அதுதான். முப்பது வருடமாக அங்கே நின்றுதான் இந்த ஊரை நடத்திவருகிறேன்.

அன்று ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பிள்ளை நின்றது. கையெல்லாம் நுரை. சலவைக் கல்லின் சாய்ந்த முகத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவதும், ஒரு கை தண்ணீர் அள்ளி அழிப்பதுமாக இருந்தார்கள். நெரெய்தா டீச்சர் நடுவில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வழிமறிக்கப்பட்ட தண்ணி லாரியின் படியில் உட்கார்ந்திருந்த ருஃபினோவை அம்பாரோ, “ஒரு லாரித் தண்ணிய வச்சுக்கிட்டு மேல போகத் துப்பில்ல, நீயெல்லாம் என்ன ஞானத்தகப்பன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதை ரசித்துக் கேட்ட விதத்தை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

“டீச்சர்” என்றேன் மூச்சிரைக்க, “பள்ளிக்கூடத்த மூடிட்டாங்க.”

“கேட்டேன்” என்றார். “பள்ளிக்கூடத்தைத்தானே? வகுப்பை மூடச் சொல்லி எனக்கு ஒண்ணும் வரலையே.”

“நாளைக்கு?” என்றாள் டெல்ஃபினா.

“நாளைக்கும் தண்ணி ஓடும்ல?”

டெல்ஃபினா பிள்ளையின் பின்னால் போய் நின்றாள். யாரெட்சி எதிரிலிருந்த கட்டைச் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். அங்கே நகராட்சி ஒரு பலகை அடித்து வைத்திருந்தது. எத்தனையோ வருடமாக நான் என் ஈரப் போர்வையை அதன் மேல்தான் காயப்போடுவது வழக்கம். அன்று விழா என்பதால் போர்வை இல்லை. அவள் விரலை நீட்டி, எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“வம்... பு... வம்பு. பே... ச. வம்பு பேச... த்... தடை. அம்மா! வம்பு பேசத் தடை!”

டெல்ஃபினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள், சோனாவைப் பார்த்தாள், பொத்திய கைக்குள்ளேயே சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. “மணியாச்சு, நான் வேலைக்குப் போறேன்” என்று தலைவலையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போகிறவள் அப்படித்தான் போவாள்.

இரண்டு வாரம் கழித்தும் மறு ஆய்வு வரவில்லை. மாதங்கள் போயின. பிள்ளைகள் துறையிலேயே படித்தார்கள். எங்களுக்குத் துவைக்க இடமில்லாமல் போனதால், ருஃபினோ பள்ளித் தொட்டியில் தண்ணீர் ஊற்ற, பாதுகாப்பான பள்ளிக்குள் நாங்கள் போய்த் துணி துவைத்தோம். வெப்பம் பார்த்து, மிதியடியில் கால் நனைத்து, சோளமணி போட்டுத்தான் உள்ளே போனோம். ஆண்டு முடிவில் அலுவலகத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது: வட்டாரத்திலேயே ஒரு தொற்றும் ஏற்படாத பள்ளி. வெல்வெட் உறைக்குப் பக்கத்தில் அதையும் மாட்டி வைத்திருக்கிறேன்.

மேற்பார்வையாளர் பதவி உயர்வு கிடைத்து மெக்சிகோ நகரத்துக்குப் போனார். தாயாரும் கூடப் போனார்கள். மனைவி போகவில்லை. அம்பாரோ அடுத்த பிப்ரவரியில் ருஃபினோவைக் கட்டிக்கொண்டாள், கேக்குக்கு ஞானத்தாய் நான். சோனா மில்லை விற்றுவிட்டு மான்டெரேயில் மகனிடம் போய்விட்டாள். ஞாயிறுதோறும் போன் செய்து, “கொமாத்ரே, அங்க என்ன நடக்குது?” என்று கேட்டுவிட்டுச் சண்டை பிடிக்கிறாள். நெரெய்தா டீச்சர் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, அல்லது கட்டிக்கொண்டு எங்களுக்குச் சொல்லவில்லை. டெல்ஃபினாவும் மகளும் ப்வெப்லாவுக்குப் போகவில்லை. டெல்ஃபினா இப்போது கொட்டகையில் மேஸ்திரி.

நான் எங்கும் போகவில்லை. யார் யார் போனார்கள் என்று சொல்ல ஒருத்தி இருக்க வேண்டாமா? போர்வையை மட்டும் இப்போது வேறு இடத்தில் காயப்போடுகிறேன். யாரெட்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், நான் வாயைத் திறந்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, பலகையை உரக்க வாசித்துவிட்டுத்தான் போகிறாள். இப்போது ஒரே மூச்சில் வாசிக்கிறாள்.